பூனைக்கு நீரூற்று வாங்கலாமா? அளந்து பார்த்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

என் வீட்டுக் கடுவன் பூனையான சாம்பலுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாசி மாதக் காலையில், அவன் மணல் பெட்டிக்குள் போவதும் குந்துவதும் ஒரு சொட்டும் வராமல் எழுந்து வெளியேறுவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து நான் அரை நாளைக் கடத்திவிட்டேன். மாலையில் கால்நடை மருத்துவர் அவன் அடிவயிற்றைத் தொட்ட உடனேயே, சிறுநீர்ப்பை கல்போல இறுகியிருப்பதாகவும் சிறுநீர் வெளியேறும் பாதை அடைத்துக்கொண்டிருப்பதாகவும் சொல்லி, மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகினார். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து அவன் பிழைத்து வந்தான். அந்த மூன்று நாளில் மருத்துவர் கேட்டவற்றுள் ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான்?"

அன்றிரவே கைபேசியில் தேடி, பூனைகளுக்கென்று விற்கப்படும் நீரூற்று ஒன்றை வாங்கினேன். சிறிய மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றி மெல்லிய ஓடையாக விழச் செய்யும் கருவி அது. கடைகளிலும் இணையத்திலும் கேட் ஃபவுண்டன் என்ற பெயரில் கிடைக்கிறது. அது உண்மையில் பயன்படுகிறதா என்று உறுதியாகச் சொல்வதற்கு எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டில் கற்றதை, முதன்முறையாகப் பூனை வளர்ப்பவர்கள் பணத்தைச் செலவழிப்பதற்கு முன்பே படித்துப் பயன்பெறும்படி வரிசைப்படுத்தித் தருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீரூற்று சில பூனைகளுக்கு மெய்யாகவே உதவுகிறது, வேறு சில பூனைகள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உங்கள் பூனை இவற்றுள் எந்த வகை என்பதை நீரூற்று வாங்காமலேயே ஓரிரு வாரத்தில் கண்டறிந்துவிடலாம்.

பூனை ஏன் குறைவாகக் குடிக்கிறது

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலி, பறவை போன்ற இரைகளின் உடலில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர்தான் என்பதால், நல்ல வேட்டை கிடைத்த நாளில் அந்தக் காட்டுப்பூனை தனியாகத் தண்ணீர் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கேற்ப அதன் சிறுநீரகங்கள் நீரைச் சிக்கனமாகப் பிடித்துவைத்துக்கொண்டு மிக அடர்த்தியான சிறுநீரை வெளியேற்றும் திறன் பெற்றன. தாக உணர்வும் மந்தமாகவே அமைந்தது. இந்த உடலமைப்போடு பிறந்த ஒரு விலங்குக்கு நாம் பத்தில் ஒரு பங்கு நீர்கூட இல்லாத உலர் உணவைக் கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சிறுநீர் எப்போதும் அடர்த்தியாகவே இருந்தால், அதிலுள்ள தாதுக்கள் படிகங்களாகத் திரண்டு கற்களாகவோ பாதையை அடைக்கும் கசடாகவோ மாறக்கூடும். கடுவன் பூனையின் சிறுநீர்ப் பாதை பெட்டையினுடையதைவிட நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால், அடைப்பு என்ற ஆபத்து கடுவன்களையே பெரும்பாலும் தாக்குகிறது. மன அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப்பை அழற்சியும் பூனைகளிடம் மிகுதி என்பதால், தண்ணீர் ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் நம் கையில் இருக்கும் வழிகளுள் எளிதானது அதுதான்.

பூனை தண்ணீர் குடிப்பதை அருகிலிருந்து கவனித்திருக்கிறீர்களா? நாக்கைக் கரண்டிபோல வளைத்து அது நீரை அள்ளுவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிலர் 2010இல் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் நடப்பதே வேறு என்று காட்டினார்கள். பின்புறமாக வளைந்த நாக்கின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டுவிட்டு விரைந்து மேலேறுகிறது. அதனுடன் ஒரு மெல்லிய நீர்த்தூண் எழும்புகிறது. அது கீழே சரிவதற்குள் பூனை வாயை மூடி அதன் மேற்பகுதியைக் கவ்விக்கொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இப்படி நடக்க, ஒவ்வொரு முறையும் உள்ளே போவது ஒரு மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்குதான். 100 மில்லி குடிக்க ஆயிரம் முறை நாக்கை நீட்ட வேண்டும் என்ற இந்தக் கணக்கை நான் அறிந்த பிறகு, சாம்பல் கிண்ணத்தின் முன் நின்று நிதானமாகக் குடிக்கும்போது குறுக்கே நடப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

முதற்படி: மூன்று நாள் அளந்து பாருங்கள்

நலமுள்ள பூனைக்கு, உணவிலிருந்து கிடைப்பதையும் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லி வரை நீர் தேவை என்பது பொதுக்கணக்கு. நான்கு கிலோ பூனைக்கு ஏறத்தாழ 200 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். இதில் எவ்வளவு கிண்ணத்திலிருந்து போகிறது என்பதை அறியாமல் எந்தக் கருவியையும் வாங்குவதில் பொருளில்லை.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஒரு கிராம் நீர் ஒரு மில்லிக்குச் சமம் என்பதால் அளவுக் குவளையைவிடத் தராசே துல்லியமாகக் காட்டும். காலையில் ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்து, இரண்டிலும் 300 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றைப் பூனை வழக்கமாகக் குடிக்கும் இடத்தில் வையுங்கள். மற்றொன்றை அதே அறையில் பூனையின் வாய் எட்டாதபடி, ஆனால் காற்றுப் படும்படி, ஒரு கம்பிக்கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் இரண்டையும் நிறுத்துப் பார்த்து, முதல் கிண்ணத்தில் குறைந்ததிலிருந்து மூடிய கிண்ணத்தில் குறைந்ததைக் கழித்தால் கிடைப்பதே பூனை குடித்த அளவு. இரண்டாவது கிண்ணம் எதற்கு என்று தோன்றலாம். சித்திரை மாதத்தில், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும் என் சென்னை வீட்டுக் கூடத்தில், சாம்பலின் கிண்ணத்தில் ஒரே நாளில் 130 கிராம் குறைந்திருந்தது. மூடிய கிண்ணத்திலும் 40 கிராம் குறைந்திருந்தது. அவன் குடித்தது 90 மில்லிதான். ஆவியாவதைக் கணக்கில் கொள்ளாமல் விட்டிருந்தால் நான் வீணாக மனநிறைவு அடைந்திருப்பேன்.

அளக்கும் மூன்று நாளும் குளியலறை வாளி, கழிப்பறைக் கோப்பை, செடித்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றை மூடி வைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், ஒவ்வொன்றையும் ஒரு நாள் தனியறையில் வைத்து அளப்பதைத் தவிர வேறு நேர்வழி இல்லை. அதற்குத் தயங்கினால் வீட்டின் மொத்த அளவையாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பூனை கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தாலோ, வழக்கமாகக் குடிக்கும் அளவு திடீரென்று இருமடங்கானாலோ, அது மகிழ வேண்டிய செய்தி அன்று. சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகிய மூன்றும் அப்படித்தான் தலைகாட்டும் என்பதால், நீரூற்றை மறந்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: உணவுத் தட்டைப் பாருங்கள்

நீரூற்று வாங்க நினைக்கும் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இதுதான். என் அனுபவத்தில் பலன் மிகுதியாகக் கிடைத்ததும் இங்கேதான். கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 55 கிராம் உலர் உணவு மட்டும் தின்னும் பூனைக்கு அதிலிருந்து கிடைக்கும் நீர் ஐந்து மில்லி அளவில்தான் இருக்கும். அதே பூனை 85 கிராம் பாக்கெட்டுகளில் வரும் ஈர உணவில் மூன்றைத் தின்றால், அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் நீர் என்பதால், கிண்ணத்தின் பக்கம் போகாமலேயே ஏறத்தாழ 200 மில்லி உடலுக்குள் போய்விடுகிறது. ஈர உணவு தின்னும் பூனைகள் கிண்ணத்திலிருந்து குறைவாகக் குடித்தாலும் மொத்தத்தில் கூடுதலான நீரைப் பெறுகின்றன என்பது பலமுறை உறுதிசெய்யப்பட்ட ஒன்று.

மூன்று பாக்கெட்டும் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பவர்கள், உலர் உணவைச் சற்றுக் குறைத்து ஒரே ஒரு பாக்கெட்டைச் சேர்த்தால்கூட 65 மில்லிக்கு மேல் கூடும். அந்த ஒரு பாக்கெட்டிலேயே மூன்று தேக்கரண்டி வெந்நீரைக் கலந்து குழம்புபோல ஆக்கினால் மேலும் 15 மில்லி. நம் வீடுகளில் வேகவைத்த மீனையோ கோழியையோ சோற்றோடு பிசைந்து வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த உணவில் சத்துச் சமநிலை பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியிருந்தாலும், தண்ணீரைப் பொறுத்தவரை அப்படித் தின்னும் பூனைக்கு நீரூற்றின் தேவை மிகக் குறைவு. மீனோ கோழியோ வெந்த தண்ணீரை ஆறவைத்துத் தனிக் கிண்ணத்தில் வைப்பதும் நல்ல உத்திதான். அதில் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு ஆகியவை துளியும் சேரக் கூடாது, ஏனென்றால் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அரை மணி நேரத்தில் குடித்து முடிக்காவிட்டால் கொட்டிவிடுங்கள். தண்ணீருக்கு ஈடாகப் பால் வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்காகி, உடலிலிருந்து நீர் வெளியேறிவிடும்.

மூன்றாம் படி: இருக்கும் கிண்ணங்களைச் சீர்செய்யுங்கள்

உணவுத் தட்டுக்கு ஒட்டினாற்போல் தண்ணீர் வைப்பது நம் பழக்கம். பல பூனைகள் உணவிலிருந்தும் மணல் பெட்டியிலிருந்தும் தள்ளியிருக்கும் தண்ணீரையே விரும்புகின்றன. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, பூனை வெயில் காயும் சன்னலோரத்தில் ஒன்று என்று மூன்று இடங்களில் வையுங்கள். வாய் அகன்ற எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணம் நல்லது. பிளாஸ்டிக்கில் எளிதில் கீறல் விழுந்து அந்தக் கீறல்களில் அழுக்குத் தங்கும், மோவாயில் கரும்புள்ளிகளாகப் பருக்கள் வரும் பூனைகளுக்குப் பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றும்படி மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். தண்ணீரை நாள்தோறும் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்புங்கள். மேலே ஊற்றி நிரப்புவது மட்டும் போதாது. விரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் தட்டுப்படும் வழுவழுப்பு, நுண்ணுயிர்கள் படலமாகப் படிந்திருப்பதன் அடையாளம்.

கோடையில் மண்சட்டி வைத்துப் பார்த்தேன். மெருகு பூசாத சட்டியின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ச்சியாகிறது, சாம்பலுக்கு அது பிடித்திருந்தது. அந்தத் துளைகளிலேயே பாசியும் பிடிக்கும் என்பதால், இரண்டு சட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஓய்வில் இருப்பதைத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும்.

தண்ணீர் வைக்கும் இடத்தைச் சுற்றிப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பல உயிரினங்களின் கல்லீரல் எளிதாக முறித்து வெளியேற்றும் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் அவ்வாறு வெளியேற்ற இயலாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அது உடலுக்குள் போய்விடும்.

நான்காம் படி: ஓடும் நீர் பிடிக்குமா என்று சோதியுங்கள்

நீரூற்று விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம், பூனைகள் இயல்பிலேயே ஓடும் நீரை விரும்பும் என்பது. இதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் பூனைகள் நீரூற்றிலிருந்து சற்றுக் கூடுதலாகக் குடித்தன, ஆயினும் சிறுநீரின் அடர்த்தியில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றொரு சிறிய ஆய்வில், தேங்கிய நீருக்கும் ஓடும் நீருக்கும் இடையே மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. 2019இல் தேங்கிய நீர், மேலிருந்து விழும் நீர், கிண்ணத்துக்குள்ளேயே சுழலும் நீர் என்று மூன்று வகைகளை ஒப்பிட்ட ஆய்விலும் ஒட்டுமொத்தமாக எந்த வகையும் மற்றவற்றை விஞ்சவில்லை. ஆனால் ஒரு சில பூனைகள் தனிப்பட்ட முறையில் ஏதேனும் ஒரு வகையைத் தெளிவாக விரும்பின. நம் கேள்விக்கு விடை இந்தக் கடைசிச் செய்தியில்தான் இருக்கிறது. பூனை இனம் எதை விரும்புகிறது என்பதைவிட, உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஒரு பூனை எதை விரும்புகிறது என்பதே நாம் அறிய வேண்டியது.

சோதனை எளிது. நான்கைந்து நாள்களுக்கு, காலையும் மாலையும் ஒரே நேரத்தில், சமையலறைத் தொட்டியின் குழாயை மெல்லிய நூலாக நீர் விழும் அளவுக்குத் திறந்து, கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, பூனையை அருகே விடுங்கள். அப்பாத்திரத்தில் சேரும் நீர் செடிகளுக்கு ஆகும். பூனை தானாக வந்து விழும் நீரில் வாய் வைத்துக் குடித்தால் அது ஓடும் நீரை நாடும் பூனை. ஒரு முறை முகர்ந்துவிட்டுப் போய்விட்டால், அல்லது கையால் தட்டி விளையாடிவிட்டுக் குடிக்காமல் நகர்ந்தால், நீரூற்று அதற்கு விளையாட்டுப் பொருளாகத்தான் இருக்கும். என் வீட்டில் சாம்பல் குழாயடிக்கு ஓடிவந்தான். அவனோடு வளரும் மல்லி என்ற பெட்டைப் பூனை ஐந்து நாளும் எட்டியே நின்றாள். நீரூற்றிலும் அப்படியேதான் நடந்தது. மல்லி இன்றுவரை அதில் ஒரு சொட்டும் குடித்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது

முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். ஐந்து வோல்ட் யூஎஸ்பி அடாப்டரில் இயங்கும் மோட்டார் உள்ளதை மட்டுமே தேர்ந்தெடுங்கள். கூடத்தை அழகுபடுத்த விற்கப்படும் மேசை நீரூற்றுகளிலும் மீன்தொட்டி மோட்டார்களிலும் 230 வோல்ட் வீட்டு மின்சாரம் செல்லும் வயர் நேராகத் தண்ணீருக்குள்ளேயே போவது உண்டு. வயரைக் கடிக்கும் பழக்கமுள்ள குட்டி இருக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது.

அடுத்தது, மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பது. சில மாதிரிகளில் மோட்டார் நின்றவுடன் நீர் முழுவதும் அடித்தொட்டிக்குள் இறங்கிவிடும், பூனைக்கு எட்டும் இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. மேல்தட்டில் எப்போதும் நீர் தங்கி நிற்கும் அமைப்புள்ளதையே வாங்குங்கள்.

குடிக்கும் தட்டு எவர்சில்வரிலோ பீங்கானிலோ இருக்கட்டும். கொள்ளளவு இரண்டு லிட்டர் போதும். அதற்கு மேல் பெரிதானால் கழுவுவதற்குச் சோம்பல் வரும். இவை எல்லாவற்றையும்விட நான் முதன்மையாகக் கருதுவது, எத்தனை பாகங்களாகக் கழற்ற வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு மூலைக்கும் விரலோ பிரஷோ போகிறதா என்பதுதான். பூ வடிவமும் வண்ண விளக்கும் கொண்ட மாதிரிகளில் அழுக்குத் தங்கும் இடுக்குகள் மிகுதி. மோட்டாரைத் திறக்க முடியாதபடி ஒட்டி மூடியிருந்தால் வாங்காதீர்கள். மாற்று வடிகட்டியும் மாற்று மோட்டாரும் தனியே விற்பனைக்கு இருக்கின்றனவா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் முழுக் கருவியையும் தூக்கிப்போட நேரும்.

ஆறாம் படி: பூனைக்குப் பழக்குதல்

புதிய கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லாப் பாகங்களையும் கழுவி, வடிகட்டியைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள், அதிலுள்ள கரியின் தூள் வெளியேறிவிடும். தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரை ஒரு போதும் ஓடவிடாதீர்கள், அது சூடேறிக் கருகிவிடும்.

பழைய கிண்ணத்துக்குப் பக்கத்தில் நீரூற்றை வைத்து, மோட்டாரை ஓடவிடாமல் இரண்டு மூன்று நாள் வெறும் தண்ணீர்த் தொட்டியாகவே விட்டுவிடுங்கள். பூனை அதன் விளிம்பில் கன்னத்தை உரசி, தன் வாசனையைப் பதித்துக்கொண்ட பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மிகக் குறைந்த ஓட்டத்தில் தொடங்குங்கள். பயந்த பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் முன்னால் விடுவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வயர், ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்தோ சுவரோடு ஒட்டியோ இருக்கட்டும். அது பிளக்குக்குப் போகும் வழியில் கீழே தொங்கி வளைந்து பின் மேலேறும்படி விட்டால், வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

பழைய கிண்ணங்களை அகற்றாதீர்கள். நீரூற்று வந்துவிட்டது என்று மற்றவற்றை எடுத்துவிட்டு, அதைப் பிடிக்காத பூனை தண்ணீரே இல்லாமல் கிடப்பது, நல்ல எண்ணத்தில் நேரும் மிகக் கொடிய தவறு. பல பூனைகள் உள்ள வீட்டில், ஆதிக்கம் செலுத்தும் பூனை நீரூற்றின் அருகிலேயே படுத்துக்கொண்டு மற்றதை நெருங்க விடாமல் செய்வதும் உண்டு.

ஏழாம் படி: கழுவுதல்

நீரூற்று பயனுள்ளதா என்ற கேள்வியின் பாதி, உண்மையில் உங்களைப் பற்றிய கேள்வி. நீங்கள் அதைத் தவறாமல் கழுவுவீர்களா? ஓடும் நீர் கெடாது என்ற நம்பிக்கை இங்கே பொருந்தாது, ஏனென்றால் இங்கே ஓடுவது அதே இரண்டு லிட்டர்தான். பூனையின் எச்சிலும் முடியும் உணவுத் துணுக்கும் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. வடிகட்டியில் உள்ள கரி, தண்ணீரின் குளோரின் வாடையை நீக்குகிறது. அதனால் சுவை நன்றாகிறது, ஆனால் கிருமிகளைத் தடுத்துவைத்திருந்த குளோரினும் போய்விடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் மாதத்தில் நான் தண்ணீரை மட்டும் மாற்றிவந்தேன். ஒரு நாள் ஓடை மெலிந்து, மோட்டார் முனகத் தொடங்கியதால் திறந்து பார்த்தேன். மோட்டாரின் முன்மூடியைக் கழற்றி, காந்தத்தோடு சேர்ந்த சுண்டுவிரல் நகமளவு விசிறியை வெளியே இழுத்தபோது, அதன் தண்டைச் சுற்றிச் சாம்பலின் முடி திரிபோல முறுகியிருந்தது. முடியின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் கொழகொழப்பு. அந்தத் தண்ணீரைத்தான் சிறுநீர் நோயிலிருந்து மீண்ட என் பூனைக்கு நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து கடைப்பிடிக்கும் முறை இது. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை முழுவதும் கொட்டி மாற்றுகிறேன். ஞாயிறுதோறும் எல்லாப் பாகங்களையும் கழற்றி, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் சோப்பு நீரில், இதற்கென்றே வைத்திருக்கும் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறேன். மோட்டாரின் குழிக்குள் காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைக்கிறேன். சோப்பின் வழுக்கல் போகும்வரை அலசுகிறேன். இதற்கு இருபது நிமிடம் ஆகிறது. வடிகட்டியின் மாற்றுக்காலம் இரண்டு முதல் நான்கு வாரம் என்று பெட்டியில் போட்டிருக்கும். முடி அதிகம் உதிரும் வீட்டில் இரண்டு வாரத்தையே கணக்காகக் கொள்ளுங்கள்.

போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இன்னொரு தொல்லை, உப்புப் படிவது. பக்கெட்டின் உள்விளிம்பில் பார்க்கும் அதே வெள்ளைப் படிவு மோட்டார் விசிறியிலும் பிடித்து அதை இறுக்கிவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாகங்களை அரை மணி நேரம் ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். பிறகு மூன்று நான்கு முறை அலச வேண்டும். நீங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ ஊற்றினால் இந்த வேலை வெகுவாகக் குறையும்.

எட்டாம் படி: ஒரு மாதம் கழித்து மதிப்பிடுதல்

நீரூற்றில் தண்ணீர் குறைவதைப் பார்த்துப் பூனை நிறையக் குடிக்கிறது என்று முடிவு கட்டுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. நீர் விழுந்து பரவும்போது கிண்ணத்தில் தேங்கியிருப்பதைவிட வேகமாக ஆவியாகிறது, ஓரளவு வெளியேயும் தெறிக்கிறது. பூனைகள் நுழையாத அறையில் ஒரு நாள் முழுவதும் நீரூற்றை ஓடவிட்டு எடை போட்டுப் பார்த்தேன். 90 கிராம் தானாகவே குறைந்திருந்தது.

ஆகையால் மணல் பெட்டியை நம்புங்கள். கட்டியாகும் மணலைப் பயன்படுத்தினால், நாள்தோறும் அள்ளும் சிறுநீர்க் கட்டிகளை ஒரு பையில் போட்டு நிறுத்து, நீரூற்றுக்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒப்பிடுங்கள். கட்டிகள் பெரிதாகவோ எண்ணிக்கையில் கூடுதலாகவோ ஆகியிருந்தால் நீர் பூனையின் உடல் வழியாகப் போயிருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் செல்லும்போது சிறுநீரின் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிடும்போது அது எவ்வளவு அடர்த்தியானது என்பதை, பார்க்கச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். சாம்பலின் கட்டிகள் நீரூற்று வந்தபின் ஓரளவு கனத்தன. உலர் உணவில் பாதியை ஈர உணவாக மாற்றியபின் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரிதாயின. ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்று யாராவது கேட்டால், உணவை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு மாதம் ஆகியும் பூனை நீரூற்றைத் தொடவில்லையென்றால், குழாயடிக்கு ஓடிவரும் பூனை வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கருவி வீட்டில் இருந்தாலும், பூனை திரும்பத் திரும்ப மணல் பெட்டிக்குப் போய் முக்கினாலோ, கத்தினாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, பிறப்புறுப்பை ஓயாமல் நக்கினாலோ தாமதிக்காதீர்கள். கடுவன் பூனைக்குச் சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டால் ஓரிரு நாளுக்குள் உயிர் போய்விடக்கூடும். இரவு எத்தனை மணியானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது.

வெளியூர் போகும்போது நீரூற்றை நம்பிப் பூனையைத் தனியே விட்டுச் செல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. மின்தடை ஒன்று போதும், முடி சிக்கி மோட்டார் நிற்பது ஒன்று போதும். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது வந்து பார்க்க அக்கம்பக்கத்தில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, நீரூற்றின் பிளக்கைப் பிடுங்கி வைத்து, மூன்று அறைகளில் மூன்று எவர்சில்வர் கிண்ணங்களை நிரப்பிவிட்டுப் போங்கள். வருபவரிடம் மணல் பெட்டியில் எத்தனை கட்டிகள் இருந்தன என்பதையும் எண்ணிச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.